கோட்டைப்பட்டினத்தில் கைமாறாத வெற்றிலை

கடல் பார்க்கத்தான் போனேன். திருச்சியில் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்து அலுத்துப்போன ஒருவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கத் தோன்றியதில் தப்பில்லை. சனிக்கிழமை மாலை ரயிலில் புதுக்கோட்டை வந்து ஒரு லாட்ஜில் மூட்டைப்பூச்சிகளுக்கு விருந்து வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்தில் நின்றேன். கோட்டைப்பட்டினத்துக்கு ஒரு ரூபாய் ஐம்பது நயா பைசா. ஏறக்குறைய நாற்பத்தெட்டு மைல். வானம் விடிந்தும் விடியாத மாதிரி மூடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் என்னைத் தவிர முக்கால்வாசிப் பேர் ஒரே கூட்டம். கோட்டைப்பட்டினத்தில் அன்று சடுகுடுப் போட்டி. அவர்கள் தங்கள் வீதிக் குழுவின் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறார்கள். ஆட்டக்காரர்களும் அவர்களைப் பழக்கும் மாஸ்டரும் முதல் நாளே போய்விட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்தவர் அரிசிக்கடை வைரவன். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு வெற்றிலைப் பொட்டலங்கள்.

"இது பஸ்ஸுக்குங்க, இது மாஸ்டருக்கு" என்று இரண்டையும் காட்டினார். "மாஸ்டருது நீங்க தொடாதீங்க."

நான் வெற்றிலை போடுவதில்லை என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஆதரவாளர்களில் ஒருவர் மாஸ்டர் கையில் வெற்றிலை பாக்குக் கொடுப்பார். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் மாஸ்டர் கோட்டோரமாக உட்காருவார். கொடுக்காவிட்டால், இனி நீங்கள் வேண்டாம் என்று அர்த்தம். வாய் திறந்து யாரும் சொல்வதில்லை. இவருக்கு முன் இருந்தவரையும் அப்படித்தான் வழியனுப்பினார்களாம்.

அன்றைக்குப் பஸ்ஸில் நடந்த வழக்கே அதுதான்: செல்லையா மாஸ்டருக்கு வெற்றிலை கொடுப்பதா, வேண்டாமா?

"பொங்கலுக்கு அப்புறம் ஒரு மேட்சு ஜெயிச்சோமா? சொல்லுங்க" என்று முன் சீட்டிலிருந்து திரும்பினார் ஜவுளிக்கடை ராவுத்தர். "வெளிய தலகாட்ட முடியல. யாவாரத்துக்கு வாரவன்லாம் துணியக் கேக்குறதுக்கு முன்னாடி ஸ்கோரக் கேக்குறான்."

"ஆடுறதுக்கு ஆளு எங்கங்க இருக்கு?" என்றார் வைரவன். "எதிராளி கோட்டுக்குள்ள நல்லாப் பாடிப் போற ரெண்டு பேரும் மலாயாவுக்குக் கப்பலேறிட்டானுங்க. மிச்சத்த வச்சுக்கிட்டு மாஸ்டர் என்ன பண்ணுவாரு?"

"அவரு காலத்து ஆட்டத்தையே இன்னும் சொல்லிக் குடுக்குறாரு. காலப் பிடி, காலப் பிடின்னு. எதிராளி தாண்டிக் குதிச்சுப் போயிடுறான்."

ராவுத்தர் கண்ணால் காட்டிய இடத்தில், ஜன்னலோரமாக ஒரு டிரில் வாத்தியார் தூங்குவது போல உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். அடுத்த மாஸ்டர் அவர்தான் என்பது ராவுத்தர் கட்சி. தன் பெயர் அடிபடும்போதெல்லாம் அந்த மனிதர் இன்னும் அழுத்தமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அறந்தாங்கி இருபது மைல். வழி முழுக்கச் செம்மண்ணும், தண்ணீர் வற்றிப்போன கண்மாய்களும்தான். பஸ் நின்ற நேரத்தில் எல்லோரும் இறங்கி டீ குடித்தபடி வாதாடினார்கள். கண்டக்டர்கூட ராவுத்தர் பக்கம் சேர்ந்துவிட்டார். அங்கேதான் வைரவன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: செல்லையாவுக்கு வீடு வாசல் இல்லை. பழைய ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஓர் அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் குழு தருகிறது. மனைவி போன பிறகு அந்தப் பையன்கள்தான் எல்லாம்.

"வெத்தல குடுக்கலன்னா நாளைக்கு எங்கிட்டுப் போவாரு அந்த மனுசன்?"

எனக்கு விளையாட்டில் ஆர்வமே கிடையாது. ஆனாலும் முகம் தெரியாத அந்த மனிதருக்காக அப்போது மனசு கனத்துப்போனது.

நாகுடி தாண்டியதும் டயர் பஞ்சர். புளிய மரத்தடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஆத்திரம் வந்தால் வைரவனின் கை தானாகப் பைக்குள் போகும். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவித் தானும் போட்டுக்கொண்டு எதிராளிக்கும் ஒன்று நீட்டுவார். ராவுத்தரும் திட்டிக்கொண்டே வாங்கிக்கொள்வார். பகைக்கு நடுவே இப்படி ஒரு மரியாதை. யார் வாயைப் பார்த்தாலும் சிவப்பு.

மணமேல்குடியில் பஸ் நின்றபோது சமாதானம் ஆகிவிட்டது. ராவுத்தரே விட்டுக்கொடுத்தார். "சரிங்க. சோத்துல மண்ணப் போட்ட பாவம் நமக்கெதுக்கு? இந்த வருசம் பூரா அவரே இருக்கட்டும். குடுங்க வெத்தலைய." பஸ்ஸில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டிரில் வாத்தியார் மட்டும் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்க விசில் ஊதிவிட்டார்கள். கடற்கரையை ஒட்டிய பொட்டலில் கூட்டம் நெரிந்தது. செல்லையா மாஸ்டர் கோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். கட்டையான உருவம், நரைத்த கிராப்பு, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். வைரவன் சிரித்த முகத்தோடு பைக்குள் கையை விட்டார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பையைக் கவிழ்த்தார். வாழைநாரும் கிள்ளிப்போட்ட காம்புகளும் சுண்ணாம்பு டப்பாவும் விழுந்தன. பஸ்ஸுக்கு வாங்கியது அறந்தாங்கியிலேயே தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் போட்டதெல்லாம் மாஸ்டருடைய வெற்றிலை. அவரை வைத்துக்கொள்ளலாமா என்று வாதாடி வாதாடியே அதை மென்று துப்பியிருந்தார்கள்.

வைரவன் ஒருவரைக் கடைக்கு ஓடச் சொன்னார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் ஓடுவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மாஸ்டர் எங்கள் வெறுங்கைகளைப் பார்த்தார், சிவந்த வாய்களைப் பார்த்தார். ஆட்டக்காரர்களில் ஒருவனின் தோளைத் தட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டார். "மாஸ்டர், மாஸ்டர்" என்று வைரவன் கூப்பிட்டது அந்த இரைச்சலில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. காலியான இடத்தில் டிரில் வாத்தியார் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கென்று பார்த்து அவர்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

பையன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வைரவன் கையில் கடையிலிருந்து வந்த வெற்றிலை அப்படியே இருந்தது. "மாஸ்டரைத் தேட வேண்டாமா?" என்று கேட்டேன். "ஜெயிச்ச நேரத்துல எப்படிங்க... நாளைக்குப் பேசிக்கலாம்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வந்த வேலையைப் பார்க்கலாம் என்று கடலுக்கு நடந்தேன். அலையே இல்லாத கடல். சேற்று வாடை. சாம்பல் நிறத் தண்ணீரில் நாட்டுப் படகுகள் அசையாமல் கிடந்தன. கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின்மேல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சுட்டானுங்களா?" என்று அவரே கேட்டார். "சத்தம் கேட்டுச்சு."

"ஜெயிச்சுட்டாங்க."

"கடேசியாப் பாடிப் போனவன் யாரு? ஒல்லிப் பயலா?" ஆமாம் என்றேன். "எடது பக்கம் போவாதடான்னு தலபாடா அடிச்சுக்குவேன். கேட்டிருப்பான்" என்றவரின் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்து போனது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ராவுத்தர் விட்டுக்கொடுத்தது, எல்லோரும் கைதட்டியது, வெற்றிலை போன வழி எல்லாவற்றையும்.

நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பொட்டல் இருந்த திசையைப் பார்த்தார்.

"ஆட்டம் நடந்த எடம் கூப்புடு தூரம்தாங்க. என்னயத் தேடி ஒருத்தரும் வரல. நீங்களும் கடலு பாக்கத்தானே வந்தீங்க?"

அவரோடு ரோடு வரைக்கும் நடந்தேன். தொண்டிப் பக்கம் போகிற பஸ் வந்தது. அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "போயிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

எங்கள் ஆபீசில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் காரணத்தை டைப் அடித்துத் தருவார்கள். இரக்கம் கெட்ட வழக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டையாவது போடலாம்.

மாலை பஸ்ஸில் அதே கூட்டம், அதே இடம். பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. மணமேல்குடி தாண்டிய பிறகு வைரவன் மெல்லக் கேட்டார்.

"மாஸ்டரப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். தொண்டிப் பக்கம் போயிட்டார்."

"வெத்தல சமாச்சாரம் தப்பா நடந்துபோச்சுன்னு சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"சொல்லியுமா போயிட்டாரு?" மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்தார். "அப்ப அவராத்தானே போயிருக்காரு."

பின் சீட்டுகளுக்குத் திரும்பி அதையே உரக்கச் சொன்னார். "கேட்டுக்கங்கப்பா, மாஸ்டர் அவராத்தான் போயிருக்காரு!" பாட்டு ஒரு நிமிஷம் நின்றது. "அவரா போனா நாம என்னங்க செய்ய முடியும்?" என்றார் ராவுத்தர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வைரவன் புதுப் பொட்டலத்தைப் பிரித்து டிரில் வாத்தியாரிடம் நீட்டினார்.