ஜெயந்தினி சொல்லும் ‘நான்’

ஜெயந்தினி ஒரு நாளில் எத்தனை பேராக இருப்பாள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. காலையில் அதிகாரியாக இருப்பாள். பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்த தோட்டத்து அம்மாவாக மாறுவாள். மத்தியானம் பொலிஸ் சார்ஜனாகவும் இருந்திருக்கிறாள். நுவரெலியாவில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் மொழிபெயர்ப்புப் பிரிவில் இதுதான் சட்டம். பேசுகிறவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்கு அது சரிப்பட்டு வராது. என் வாய் நீளம், நடுவில் என் கருத்தையும் நுழைத்துவிடுவேன். அதனால் எனக்குக் கடிதங்களைத் தள்ளிவிட்டு, ஆட்கள் பேசுகிற இடத்துக்கெல்லாம் அவளை அனுப்புவார்கள்.

என் பெயர் ஷப்னா. ஹட்டன் பஜாரில் எங்கள் வாப்பாவுக்குத் துணிக்கடை. சிங்களம் எனக்குக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தே வந்துவிட்டது. ஜெயந்தினிக்கு அப்படி இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் பிறந்தவள். கலைப்பிரிவில் உயர்தரம் படித்து, சிங்களத்தை அகராதியிலிருந்து சொல் சொல்லாகப் பிடித்து, பரீட்சை எழுதி இந்த நாற்காலிக்கு வந்தாள். ஊரே அதைப் பெருமையாகப் பேசும். அவள் மட்டும் பேச மாட்டாள்.

சேர்ந்த புதிதில் அவளிடம் எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. சுகாதாரப் பக்கத்திலிருந்து கடிதம் ஏதும் வந்தால் என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். காணிக் கடிதம், ஓய்வூதியக் கடிதம் எல்லாவற்றையும் அரை மணியில் முடிக்கிறவள், சிறுநீரகம் பற்றிய ஒரு பக்கத்தை நாள் முழுக்க வைத்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் சோற்றுப் பார்சலில் மீன் தலை வந்தால் போச்சு. செவுளைப் பிரித்து, இதற்குள்ளால்தான் மூச்சு போகிறது என்று எனக்குப் பாடம் நடத்துவாள். “சாப்பிட விடுடீ, வயித்தைக் குமட்டுது” என்று நான் கத்துவேன். பிறகு ஒரு மழை நாளில் அவளே சொன்னாள்.

அவள் பத்தாம் ஆண்டில் இருந்தபோது அவர்கள் பாடசாலைக்கு ஓர் ஆய்வுகூடம் கட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டி, எரிவாயுக் குழாய், கறுப்பு மேசை எல்லாம் வைத்த புதுக் கட்டடம். திறப்பு விழாவன்று வெளியூர் ஆசிரியர் ஒருவர், சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியை வைத்து, வெங்காயத் தோல் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். வரிசையில் ஜெயந்தினிக்கு முன்னால் அவள் தோழி பூரணி நின்றாள். பூரணி கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “வெங்காயத்துக்குள்ள லயம் இருக்குடி, காம்பரா காம்பராவா!” என்று கூவினாள். அடுத்தது ஜெயந்தினி. அதற்குள் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். பேச்சு தொடங்கியது, நுணுக்குக்காட்டி பெட்டிக்குள் போனது. அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. ஆய்வுகூடத்தைத் திறந்து உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் ஒருவரையும் அனுப்பவில்லை. பதினோராம் ஆண்டு முடிவில் சாதாரணதரப் பரீட்சையில் தேறிய பதினொரு பிள்ளைகள், அடுத்து வரும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்று கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். எழுதியது ஜெயந்தினி. அவள் கையெழுத்து அழகு என்பதால் அந்த வேலை அவளிடம் வந்தது. பதில் வரவில்லை. காத்திருந்து, காத்திருந்து, ஏழு பேர் கலைப்பிரிவில் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். பூரணி தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்துக்கூடையைத் தூக்கினாள். பதினேழு முடியுமுன் அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று.

ஆய்வுகூடத்துக்கு மட்டும் வேலை இருந்தது. தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி. மற்ற நாட்களில் உடைந்த கதிரைகளும் சத்துமா மூட்டைகளும். வருடா வருடம் பொருட்களைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்து, பெட்டியைத் திறந்து, ‘நுணுக்குக்காட்டி இரண்டு, நல்ல நிலையில்’ என்று எழுதிக்கொண்டு போவார்கள். நல்ல நிலையில் இல்லாமல் எப்படி இருக்கும்? யாராவது தொட்டிருந்தால்தானே! இதைச் சொன்னபோது ஜெயந்தினி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

பதினெட்டு வருடம் கழித்து அந்தக் கட்டடம் ஒரு கணக்காய்வாளரின் கண்ணில் பட்டது.

பாராளுமன்றம் திணைக்களங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அவர்கள் பாடு என்று விட்டுவிட முடியாது. கணக்காய்வாளர்கள் போய்ப் பார்ப்பார்கள். ஐமிச்சம் வந்தால் எழுத்தில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் காரியாலயத் தமிழில் ஐயவினா என்று பெயர். பதில் திருப்தி இல்லையென்றால் விஷயம் பாராளுமன்றத்தின் கணக்குக் குழுவுக்குப் போகும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் இருந்து உறுப்பினர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, செயலாளர்களையும் பணிப்பாளர்களையும் எதிரில் இருத்தி, வாங்கின காசில் என்ன செய்தாய், அது யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பார்கள். பெரும்பாலும் கொழும்பில்தான் நடக்கும். போன வருடம் குழுவிலிருந்து சிலர் நேரிலேயே பார்க்க எங்கள் மாவட்டத்துக்கு வந்தார்கள். தோட்டத்துப் பாடசாலைக்குப் போய்ச் சத்துமா மூட்டைகளைப் பார்த்தார்கள். மறுநாள் மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டம். அதற்குப் பெற்றோரும் வர வேண்டும் என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கடிதம் கிடைத்த உடனே பூரணி ஜெயந்தினிக்கு அழைத்தாள். அவள் குரல் எனக்கே கேட்டது.

“ஜெயந்தி, ஐயா வினான்னு போட்டுருக்குடி! எந்த ஐயா? நாங்க என்ன தப்பு பண்ணோம்?”

“ஐயா வினா இல்லடி, ஐயவினா. ஐயம்னா சந்தேகம். கேள்வி ஒனக்கு இல்ல, அவங்களுக்கு.”



“அவங்களயும் கேள்வி கேக்க ஆளு இருக்காங்களா?” என்றாள் பூரணி.

அவள் மகள் பிரியந்திக்குச் சாதாரணதரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. விஞ்ஞானத்தில் ஏ. உயர்தர வகுப்பு தொடங்க இன்னும் பதினைந்து நாள். விஞ்ஞானப் பிரிவு இருக்கும் ஹட்டனில் தங்கவைத்துப் படிப்பிக்கப் பூரணிக்கு வழி இல்லை. விடிய முதல் பஸ் பிடித்தாலும் முதல் பாடம் முடிந்துதான் போய்ச் சேரலாம். இங்கேயே விஞ்ஞானப் பிரிவு தொடங்கினால் உண்டு. இல்லையென்றால் பிரியந்தியும் கலைப்பிரிவுதான்.

“இந்தக் கூட்டத்துக்கு நீ போகாதே” என்று ஜெயந்தினியிடம் சொன்னேன்.

“வேற யாரு இருக்கா? நீ போனா சண்ட பிடிச்சிட்டு வருவ.”

உண்மைதான். ஆனாலும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

நீள மேசையின் தலைமாட்டில் குழுவின் தலைவர். ஒரு பக்கம் திணைக்களத்தார், மறுபக்கம் அதிபரும் பெற்றோர் மூவரும். பூரணி கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டி வந்திருந்தாள். கொழுந்துக் கறை போகாத விரல்களை மடிக்குள் மறைத்து வைத்திருந்தாள். நடுவில் ஒலிவாங்கியோடு ஜெயந்தினி. திணைக்களத்தார் பேசும் சிங்களத்தைப் பெற்றோருக்குத் தமிழாக்க வேண்டும், பெற்றோர் பேசுவதைச் சிங்களமாக்க வேண்டும்.

ஆய்வுகூடம் இத்தனை வருடம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று தலைவர் கேட்டார். நரைத்த தலையோடு ஓர் அதிகாரி எழுந்தார். கோபக்காரர் இல்லை, நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அமைதியாகச் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜெயந்தினி வாயைத் திறக்கவில்லை.

எனக்குச் சிங்களம் விளங்கியதால் ஏன் என்று தெரிந்துவிட்டது. பெற்றோர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கையால் சைகை காட்டினார். அவள் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, எப்போதும் போல ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“அந்தக் காலத்தில் நானே இதற்குப் பொறுப்பாக இருந்தேன். நான் விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளைகள் ஒருவரும் இருக்கவில்லை. ஆகவே ஆசிரியரை நியமிக்கத் தேவை ஏற்படவில்லை.”

பூரணி எழுந்துவிட்டாள். எழுந்து பேச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

“ஜெயந்தி, நீயாடி இதச் சொல்ற?”

ஜெயந்தினி அதையும் மொழிபெயர்த்தாள். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பூரணி சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தாள்.

“ஐயா, ஒருத்தருமில்லன்னு சொல்றாங்க. நாங்க பதினோரு பேரு இருந்தோம். கையெழுத்து போட்டு கடுதாசி குடுத்தோம். எழுதுனதே இந்தா உக்காந்துருக்காளே, இவதான். பரீட்சையில எங்களவிட கூட மார்க் எடுத்தவ. அவ படிச்சிருந்தா இன்னைக்கு எங்கயோ இருந்துருப்பா. நானும் இந்தக் கூடைய தூக்கியிருக்க மாட்டேன். நாங்க போனது போவட்டும். எம் மவளயும் ஆசப்படலன்னு எழுதிப்புடாதீங்க.”

ஜெயந்தினி சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். “நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்” என்பதை ஒழுங்காகவே சொன்னாள். “கடிதத்தை எழுதியவர் இந்த மொழிபெயர்ப்பாளர். பரீட்சையில் எங்களைவிட அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். அவர் படித்திருந்தால் இன்று எங்கேயோ இருந்திருப்பார்.” குரல் தடுமாறவில்லை. தன்னைப் பற்றிய பேச்சை யாரோ ஒருத்தியைப் பற்றிய பேச்சாகவே சொன்னாள். கடைசி வரி வரை சொல்லி முடித்தாள்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். பூரணியை விட்டுவிட்டு ஜெயந்தினியைப் பார்த்தார்.

“மகள், கடிதம் எழுதியது நீங்களா? உங்களுக்கு அன்று என்ன வேண்டியிருந்தது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடமாக எல்லோருடைய ‘நான்’களையும் சொன்ன வாய், தன்னுடையதைத் தேடித் திணறியது. பிறகு பேசினாள். தமிழில் பேசினாள். அது தமிழ் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

“எனக்கு உயிரியல் படிக்கணும்னு இருந்துச்சுங்க. அந்த நுணுக்குக்காட்டியில ஒரே ஒரு தடவ பாத்திருந்தாகூட போதும். அடுத்தது நாந்தான் நின்னேன். இப்பவும் அந்த வரிசையிலதான் நிக்கிறேன்.”

தலைவருக்குத் தமிழ் விளங்கவில்லை. எல்லோரும் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். மொழிபெயர்க்க வேண்டியவளோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் கோப்புகளைக் கதிரையில் போட்டுவிட்டு எழுந்தேன். எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. இருந்தாலும் சட்டப்படி, ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல், சிங்களத்தில் சொன்னேன். எனக்கு உயிரியல் படிக்க ஆசையாக இருந்தது என்றேன். அடுத்தது நான்தான் நின்றேன் என்றேன். இப்போதும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கருத்தை நடுவில் நுழைக்கவில்லை. நரைத்த தலை அதிகாரி என்னைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தார்.

அந்தத் தவணையிலேயே பிரிவைத் தொடங்க வேண்டும், ஆசிரியர்களை அனுப்பிவிட்டுக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று தலைவர் பணித்தார். எத்தனையோ பணிப்புகள் கோப்பிலேயே தூங்குவதைக் கண்டவள் நான். அதனால் நம்பவில்லை. பூரணி தினமும் ஜெயந்தினிக்கு அழைத்து, “வந்துச்சா?” என்று மட்டும் கேட்பாள். ஜெயந்தினி “இன்னும் இல்லடி” என்பாள். எட்டு நாள் இப்படியே போயிற்று.

வகுப்பு தொடங்க மூன்று நாள் இருக்கையில் கடிதம் வந்தது. திணைக்களம் பாடசாலைக்கு எழுதியது. தமிழ்ப் பிரதிக்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். உயிரியலுக்கு ஒருவர், இரசாயனவியலுக்கு ஒருவர், பௌதிகவியலுக்குக் கிழமையில் மூன்று நாள் வந்துபோக ஒருவர். திங்கட்கிழமை கடமையேற்பார்கள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஜெயந்தினி உடனே பூரணிக்கு அழைத்துச் சொன்னாள். கொழுந்து மலையிலிருந்து பூரணியும் பக்கத்தில் இருந்த பெண்களும் சேர்ந்து போட்ட கூச்சல் காரியாலயம் முழுக்கக் கேட்டது. ஜெயந்தினியும் சிரித்தாள், “பிரியந்திய நல்லா படிக்கச் சொல்லு” என்றாள். பிறகு கடிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு நான் போய்ப் பார்த்தேன். தட்டச்சு செய்து முடித்திருந்தாள். திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“என்னடீ இது? ஒரு சின்னக் கடிதத்துக்கு இவ்வளவு நேரமா?” என்றேன்.

“ஆமா ஷப்னா, சின்னக் கடிதந்தான்” என்றாள். “நாலே நாலு வரி. அன்னைக்கு வந்திருந்தா எங்க பதினோரு பேருக்கும் இது போதுமா இருந்துருக்கும்.”