கை மாறிய பேஸ் கிட்டார்

ஆவடியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு அச்சுகள் செய்யும் ஒரு டூல் ரூமில் எனக்கு வேலை. வாரத்தில் ஆறு நாள் இரும்பு, ஞாயிற்றுக்கிழமை பேஸ் கிட்டார். டிரம்ஸ், கீபோர்டு, லீட் கிட்டார், நான் என்று நான்கு பேர் கொண்ட குழு எங்களுடையது. வரவேற்பு மேடைகளில் சினிமாப் பாட்டு வாசிப்போம். குமணன்சாவடியில் நண்பன் வீட்டு மாடியறையில் கூடும்போது மட்டும் எங்களுக்காக ராக் வாசிப்போம்.

அந்த வீட்டுக்காரன்தான் லீட் கிட்டார். ஆவடியில் ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன். செம்பரம்பாக்கம் பக்கம் அவர்கள் வீட்டு நிலமெல்லாம் பிளாட்டுகளாகிவிட்டன. இவன் ஸ்பீக்கரும் விளக்கும் வாடகைக்கு விடும் தொழிலில் இறங்கி, பெரிய மைதானக் கச்சேரிகள் வரைக்கும் போய்விட்டான். எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு பைத்தியம் இருந்தது. புகழ்பெற்ற ராக் பேஸிஸ்டுகள் ஒவ்வொருவருக்கும் உலகம் ஒரு கிட்டாரைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். போஸ்டரில் வருவது அது, ரசிகர்கள் வாங்க அலைவதும் அது. ஆனால் அதற்கு முன்னாலோ நடுவிலோ அவர்கள் வேறு ஏதாவது ஒன்றை வாசித்திருப்பார்கள். இரவல் வாங்கியது, மலிவாகக் கிடைத்தது, ஒரே ஒரு பாட்டுக்கு எடுத்துவிட்டு ஓரம் வைத்தது. அவற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நாங்கள் பழைய கறுப்பு வெள்ளை வீடியோக்களை நிறுத்தி நிறுத்தி அவற்றைத் தேடுவோம். குமிழ்கள் எத்தனை, தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப் எங்கே இருக்கிறது, தலையில் சுருதி சேர்க்கும் சாவிகள் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். “மச்சான், இதுல வேற ஒண்ணு வச்சிகினு கீறாரு பாரு!” என்று அவன் கத்தினால் அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான்.

ஆவடியில் ஒரு காயலான் கடையில், தகரப் பீப்பாய்களுக்குப் பின்னால் அந்த பேஸைப் பார்த்தேன். ஜப்பானில் எப்போதோ செய்தது. வழக்கமான பேஸைவிடக் கழுத்து குட்டை. தலையில் பெயர்ப்பட்டை விழுந்துபோய் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. சாவி ஒன்று இல்லை. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜே இல்லை. வீடு காலி செய்துவிட்டு வெளிநாடு போன ஒரு குடும்பம் கட்டில் பீரோவோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார்.

அதைச் சரி செய்ய ஆறு மாதம் ஆனது. சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு, கழிவுப் பித்தளையில் ஒரு பிரிட்ஜ் செய்தேன். முதலில் செய்தது அரை மில்லிமீட்டர் உயரம் கூடிவிட்டது. அதை உருக்கப் போட்டுவிட்டு இரண்டாவது செய்தேன். வளைந்திருந்த கழுத்தை நிமிர்த்த மட்டும் இரண்டு மாதம். தந்தி மாட்டி முதல் தடவை தட்டியபோது, பெரிய கிட்டார்களின் உறுமல் வரவில்லை. யாரோ மூடிய கதவுக்குப் பின்னால் நின்று நிதானமாகப் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது. நண்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டான். “இன்னாடா இது,” என்றான். “இன்னாடா இது.”

அடுத்த மாதம் அவனே கண்டுபிடித்தான். ஒரு பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி. இப்போது எண்பதை நெருங்கும் ஒரு வெளிநாட்டு பேஸிஸ்ட், இளைஞராக, அதே மாடலை வாசிக்கிறார். ஒரே ஒரு பாட்டு. பிறகு எந்த மேடையிலும் அது இல்லை. ஒரு பேட்டியில் அது திருட்டுப் போய்விட்டது என்று சொல்லியிருந்தார். நாங்கள் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை.

போன வருடம் அந்தப் பெரியவரின் குழு சென்னைக்கு வந்தது. மைதானத்தின் பின்மேடை வேலையில் ஒரு பகுதி நண்பனுக்குக் கிடைத்தது. என்னையும் எப்படியாவது உள்ளே அழைத்துப் போகச் சொன்னேன். “பாஸ் கெடைக்கல மச்சான். எனக்கே ஒரு பாஸ்தான் குட்த்தாங்கோ,” என்றான். நம்பினேன். அதே வாரம் வீட்டுக்கு வந்து, போரூரில் ஒரு ரெக்கார்டிங், அந்தச் சத்தம்தான் வேண்டுமென்று கேட்கிறார்கள், நான்கு நாளில் தருகிறேன் என்று பேஸை வாங்கிப் போனான். பையின் ஜிப் ஒரு இடத்தில் மாட்டும், பார்த்து இழு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நான்கு நாள் இரண்டு வாரமானது. கேட்டபோதெல்லாம் ரெக்கார்டிங் தள்ளிப்போகிறது என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கீபோர்டு வாசிப்பவர் ஒரு வீடியோ அனுப்பினார். கீழே, ‘இது உங்களோடதுதானே?’ என்று மட்டும் எழுதியிருந்தார். பெரியவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் என் பேஸ். பித்தளை பிரிட்ஜ் விளக்கில் மின்னுகிறது. “என்னுடையது திருடுபோய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, சென்னையில் ஒரு நண்பர் இதைக் கண்டெடுத்து, தன் கையாலேயே பழுதுபார்த்து, எனக்குப் பரிசாகத் தந்துவிட்டார்” என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். சொல்லும்போது குரல் உடைகிறது. பக்கத்தில் நண்பன் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

சோறு பிசைந்த கை அப்படியே காய்ந்துவிட்டது. முதலில் கோபம் வரவில்லை. ‘தன் கையாலேயே’ என்ற இடத்துக்கு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் மறுத்து ஏதாவது முணுமுணுக்கிறானா என்று உதட்டைப் பார்த்தேன். இல்லை.

அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நேராகக் குமணன்சாவடிக்குப் போனேன். அவன் குடோன் வாசலில் வண்டியில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“உள்ள வா மச்சான், டீ சொல்றேன்.”

“டீ வேணாம். ஏன்டா குடுத்த?”

“அந்தாளு அழுதாரு மச்சான். நீ பாத்திருந்தா நீயே குட்த்திருப்ப.”

“நான் பாக்கக் கூடாதுன்னுதானே பாஸ் கெடைக்கலன்னு சொன்ன?”

அவன் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். “இன்னா மாமே பேசிக்கினு கீற? உன் ஊட்ல கட்டிலுக்கு அடியில கெடந்தா யாருக்குத் தெரியும் அது? இப்போ உலகமே பாக்குது.”

“என்னைக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டா குட்த்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். அடுத்த சீசனில் வெளிநாட்டுக் குழுக்களின் தென்னிந்தியக் கச்சேரிகளுக்கெல்லாம் ஒலி வேலை அவனுக்குத்தான் என்று பேச்சு நடப்பதாக டிரம்மர் பிறகு சொன்னார். அந்த வேலைக்காகத்தான் கொடுத்தானா, பெரியவர் அழுததற்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாகவே இருக்கலாம். அன்றைக்கு “நீ செஞ்சதா ஏன்டா சொன்ன?” என்று கேட்டதும் மட்டும் அவன் ஸ்பீக்கர் ஏற்றுகிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.

பத்து நாள் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தேன். பிறகு பெரியவரின் குழு இணையதளத்தில் இருந்த முகவரிக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததை எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவருடைய உதவியாளர் ஒரு பெண்மணி எழுதினார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் இப்படிப் பலரும் எழுதுவதுண்டு, உங்களுடையது என்பதற்கு அடையாளம் உண்டா என்று கேட்டிருந்தார்.

இருந்தது. உடலின் முன்பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தகட்டின் ஐந்து திருகுகளைக் கழற்றினால், மரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியது தெரியும் என்று எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து போட்டோவோடு பதில் வந்தது. “திறந்து பார்த்தோம். தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நீங்கள் எது?”

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டை மூடும் நாளில் அவன்தான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். வேலையில் ஒரு திருகுகூட அவன் முடுக்கியதில்லை. ஆனாலும் என் பெயரை எழுதிவிட்டு, அவனைக் கேட்காமலேயே அவன் பெயரையும் கீழே எழுதினேன். எனக்கு அப்போது அது இருவருடையதாகத்தான் தோன்றியது. போட்டோவில் என் கையெழுத்தில் அவன் பெயர் என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது.

‘மேலே இருப்பது’ என்று பதில் எழுதினேன்.

அதன் பிறகு அவர்கள் என்னைச் சோதிக்கவில்லை. பெரியவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டோம், உங்களுக்கு பேஸ் திரும்ப வேண்டுமா என்று அவரே கேட்கச் சொன்னார் என்று எழுதினார்கள். மனைவியிடம் காட்டினேன். அவள் அந்த வீடியோவை முழுக்கப் பார்த்தாள்.

“பாவம், வயசானவரு,” என்றாள். போனைத் திருப்பித் தந்துவிட்டு, “ஆனா அது உங்களுது. சனிக்கிழம சனிக்கிழம நான்தானே உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வச்சிக்கினு காத்திருந்தேன்,” என்றாள்.

வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று எழுதியிருந்தால் நான் பெரிய மனிதனாகியிருப்பேன். இரண்டு முறை அப்படியே எழுதி அழித்தேன். அவரிடம் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அதை விட்டுக்கொடுத்தால், அவன் செய்தது சரி என்று நானே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும் என்று பட்டது. ‘வேண்டும்’ என்று அனுப்பினேன்.

மறுநாள் நண்பன் போன் செய்தான். அவனுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். “பெரிய மனுசன் கிட்ட என்னைத் திருடன் ஆக்கிட்டல்ல? முப்பது வருசப் பழக்கம்டா. ஊட்டுக்கு வந்து என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம் நீ. முதுகுல குத்திட்ட மச்சான்.” அவன் அழுதுகொண்டிருந்தான். நான் சொல்ல வேண்டிய சொற்களையெல்லாம் அவன் எடுத்துக்கொண்டதால், எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வைத்துவிட்டேன். மாடியறைப் பயிற்சி அத்தோடு நின்றது.

சுற்றுப்பயணம் முடிந்து மழைக்காலத்தில் பெட்டி வந்தது. உள்ளே கெட்டியான ஒரு புதுப் பெட்டியில் பேஸ். புதுத் தந்திகள். கழுத்தில் நான் எடுக்க முடியாமல் விட்டிருந்த சிறு வளைவைக்கூட யாரோ கைதேர்ந்தவர் எடுத்திருந்தார். பெரியவரின் நடுங்கும் கையெழுத்தில் ஒரு தாள்: மூன்று கச்சேரிகளில் இதை வாசித்தேன், இந்த பிரிட்ஜைச் செய்தவரின் கைகளுக்கு என் வணக்கம்.

அதைப் படித்ததும் என் கை தானாகப் போனை எடுத்தது. நண்பன் பெயரைக்கூடத் தேடிவிட்டேன். யாரும் பேசாத ஒரு பேஸ், அந்த மாடலை அந்தக் காலத்தில் வாசித்த மனிதரிடமே போய், மூன்று மேடை ஏறிவிட்டு, ஆவடிக்குத் திரும்பி வந்திருக்கிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியக்கூடிய ஒரே ஆள் அவன்தான். மனைவிக்குச் சொல்லலாம், டிரம்மருக்குச் சொல்லலாம், சந்தோஷப்படுவார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்து “இன்னாடா இது” என்று கேட்க மாட்டார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். பேஸை மடியில் எடுத்துச் சுருதி சேர்க்க ஆரம்பித்தேன். வெளியே மழையின் இரைச்சல் பலமாக இருந்ததால், அடித்தந்தியைச் சேர்ப்பதற்கு மட்டும் வெகுநேரம் பிடித்தது.