நர்ஸம்மா வீட்டு ரிசீவருக்கு வைஃபை எதற்கு?

பணி ஓய்வு பெற்றவர்கள் முதல் வேலையாகக் காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ கிளம்புவார்கள். அம்சம் தஞ்சாவூர் கீழவாசலுக்கு ஆடியோ ரிசீவர் வாங்கக் கிளம்பினார். புண்ணியத்தை விடப் பாட்டு உடனடியாகக் காதில் விழும் என்பது அவர் கணக்கு.

பூதலூருக்குப் பக்கத்தில் அவருடைய ஊர். வாய்க்காலுக்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே காலனி. அம்சத்தின் அம்மாவும் அப்பாவும் மேலத்தெருக்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்தார்கள். அம்சம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகி, அதே மேலத்தெருக்காரர்களின் இடுப்பில் ஊசி குத்தினார். "ஊசிக்குத் திரும்பிப் படுக்குறப்ப ஒருத்தருக்கும் தீட்டு ஞாபகம் வந்ததில்ல" என்று சிரிக்காமல் சொல்வார். சாமி கும்பிட மாட்டார். வாசலில் எலுமிச்சம்பழம் கட்ட வந்தவர்களிடம் பழத்தை வாங்கி ஜூஸ் போட்டுக் குடித்தவர்.

அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பஞ்சாயத்து ரேடியோ மேலத்தெருவில் இருந்தது. காலனிக்காரர்கள் வாய்க்கால் கரையில் நின்றுதான் கேட்கவேண்டும். மேல்காற்று அடித்தால் செய்தி வரும். காற்று திரும்பிவிட்டால் மந்திரி என்ன சொன்னார் என்பது மேலத்தெருவோடு நின்றுவிடும். அதனால் தன் வீட்டுக்குள், தனக்குப் பிடித்த நேரத்தில், தனக்குப் பிடித்த அளவில் சத்தம் வைப்பது அம்சத்துக்கு ஆடம்பரமாகத் தோன்றவே இல்லை. பாக்கி வைத்திருந்த காரியமாகத்தான் தோன்றியது.

கடைக்கார அம்மா தஹ்மீனா இரண்டு ரிசீவர்களை மேசை மேல் வைத்தார். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் வைஃபை உள்ளேயே இருந்தது. மற்றதில் ப்ளூடூத் மட்டும்.

"உங்க ஊர்ல நெட் கனெக்‌ஷன் இருக்கா?"

"எங்க தெருவுல இல்ல. ஊர்ல இருக்கு."

தஹ்மீனாவுக்குப் புரிந்தது. "அப்ப ப்ளூடூத் போதுங்க. போன்ல டேட்டா இருக்குல்ல, அதுலேர்ந்தே பாடும். உள்ள இருக்குற வைஃபைய நம்பி வாங்குனா, நாலஞ்சு வருஷத்துல கம்பெனிக்காரன் அப்டேட்ட நிறுத்திருவான். ஆம்ப்ளிஃபயர் அது பாட்டுக்கு உழைக்கும். பின்னாடி நெட் வந்தா, நெட்லேர்ந்து பாட்டு எடுக்குற டிவி குச்சி ஒண்ணு வாங்கிச் சொருகிக்கங்க."

அம்சத்துக்கு இது நியாயமாகப் பட்டது. கணவர் செழியனுக்குப் படவில்லை. போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவர். வேலைக் காலம் முழுக்க மற்றவர்களை உட்காரவைத்துத் தான் நின்றுகொண்டே போனவர்.

"நாம மட்டும் ஏன் எப்பவும் ஒரு படி கம்மியாவே வாங்கணும்? மேலத்தெருவுல பரணிதரன் வீட்டுல வைஃபை உள்ளதுதான் இருக்கு. நமக்கும் அதுதான்."

"பரணிதரன் வீட்டுல மூலம் இருக்கு. அதுவும் வேணுமா?"

தஹ்மீனா கால்குலேட்டரைத் துடைக்கிற பாவனையில் குனிந்துகொண்டார். ஆனாலும் செழியன் கேட்டது சும்மா ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. கம்மியானது போதும் என்று காலனிக்குச் சொல்லித் தந்தவர்கள் நிறையப் பேர். அம்சம் விட்டுக்கொடுத்தார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகத் தஹ்மீனா சொன்னார்.

பெட்டியோடு வாய்க்கால் பாலத்தில் இறங்கும்போது பரணிதரனே எதிரே வந்தார். முப்பத்தைந்து வயது, சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்து நிலத்தைப் பார்த்துக்கொள்பவர், சாதுவான மனிதர்.

"ரிசீவரா நர்ஸம்மா? எங்க மாடியில பூஸ்டர் வச்சிருக்கோம். உங்க வீடு வரைக்கும் நல்லாவே எடுக்கும். பாஸ்வேர்ட் தரேன், பிடிச்சுக்கங்க. நமக்குள்ள என்ன."

செழியனுக்கு வாயெல்லாம் பல். அம்சம் வீட்டுக்குள் வந்ததும் கேட்டார்: "மறுபடியும் அந்தப் பக்கத்துக் காத்து அடிச்சாத்தான் நமக்குப் பாட்டா, செழியா?" சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"இது வைஃபை அம்சா. காத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அன்று மாலை செழியன் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டு ரிசீவரை இணைத்து, சத்தத்தை ஏற்றி வைத்துப் பழைய படப் பாட்டுகளால் தெருவையே அதிரவைத்தார். படுக்கப் போகும்போது இறக்கிவைக்க மறந்தார்.

மறுநாள் காலை அம்சம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் ரிசீவர் தானாக விழித்துக்கொண்டது. மணி, உடுக்கை, சங்கு எல்லாம் சேர்ந்து ஓர் அம்மன் பாட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கப் புறப்பட்டது.

"செழியா, உனக்கு எப்பலேர்ந்து பக்தி?"

முகத்தில் சோப்பு நுரையோடு செழியன் ஓடிவந்தார். "நான் எங்க போட்டேன்?" என்று அணைத்தார். பெட்டி மறுபடி எழுந்தது. மறுபடி அணைத்தார். மறுபடி எழுந்து, விட்ட இடத்தில் இருந்து அல்ல, முதலில் இருந்து பாடியது.

பக்கத்து வீட்டுப் பூவம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன அம்சம், ரிட்டயர் ஆனதும் பயம் வந்துருச்சா?"

"எனக்கு இல்லடி. பொட்டிக்கு வந்துருக்கு."

நடந்தது இதுதான். பரணிதரனின் அம்மா மங்களாம்பிகைக்குப் பூஜை அறையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. போனில் பாட்டை வைத்து, "மேல தெரியுறத அமுக்குங்க அப்பாயி" என்று பேத்தி குந்தவை சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரே வைஃபையில் சேர்ந்ததால் நேற்று அந்தப் போனின் ஸ்பீக்கர் பட்டியலில் அம்சத்தின் ரிசீவரும் முளைத்திருந்தது. எது மேலத்தெரு, எது காலனி என்று போனுக்குத் தெரியாது. அது நர்ஸம்மா வீட்டை மேலே வைத்துவிட்டது. பூஜை அறையில் சத்தம் வராததால் அந்த அம்மாள் விடாமல் அமுக்கினார். வாய்க்காலுக்கு இந்தப்புறம் அம்பாள் விடாமல் அருள்பாலித்தாள். ஊர்த் தேர் பாலத்தோடு திரும்பிவிடும். பாலம் தாங்காதாம், நெல் லாரி மட்டும் தினமும் அதில் போய்வரும். தேர் வராத தெருவுக்கு அம்மன் பாட்டு யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தது.

பரணிதரன் பாலத்தில் வந்து நின்றார். "நர்ஸம்மா, அதக் கொஞ்சம் நிறுத்துங்க."

"நாங்க போடல தம்பி. உங்க வீட்டுலேர்ந்துதான் வருது."

"அம்மா ரொம்பச் சங்கடப்படுறாங்க. சாமி பாட்டு... அது அங்க போய்..."

"எங்க வந்து?"

பரணிதரன் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார்.

"சங்கடந்தான் தம்பி. நாங்க கேக்கவும் இல்ல, கூப்பிடவும் இல்ல. சாமி கும்பிடாத வீட்டுல விடியக்காலையில வந்து கத்துனா எங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்?"

மதியத்துக்குள் பாஸ்வேர்ட் மாறிவிட்டது. ரிசீவர் நெட்வொர்க்கைத் தேடித் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது. செழியனின் முகமும் அப்படித்தான் இருந்தது.

அம்சம் கேபிள்காரர் பக்கிரிக்குப் போன் போட்டார். "எங்க தெருவுக்கு நெட் கம்பிய இழுக்க என்னதான் தடை?"

"எனக்கு ஒரு தடையும் இல்ல நர்ஸம்மா. மேலத்தெருவுல யாராவது ஒரு வீட்டு மாடியில கொக்கி அடிக்கணும், அங்கேர்ந்து வாய்க்காலத் தாண்டிரலாம். கேட்டுப் பாத்துட்டேன். யாரும் விடல."

சாயங்காலம் பரணிதரனே அம்சத்தின் வீட்டுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "புது பாஸ்வேர்ட் தரேன் நர்ஸம்மா. அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். தப்பைச் சரிசெய்ய வந்த மனிதரின் முகம்தான் அது.

"பாஸ்வேர்ட் வேணாம் தம்பி. உங்க மாடிச் சுவத்துல பக்கிரி ஒரு கொக்கி அடிக்கட்டும். கம்பி எங்களுது, கட்டணமும் எங்களுது. அது போதும்."

பரணிதரன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தார். "அது... அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே."

"பாஸ்வேர்ட் குடுக்குறப்ப கேக்கலையே?"

"சுவருன்னா வேற இல்லையா நர்ஸம்மா? ஒரு தடவ அடிச்சா அங்கேயே இருக்கும்ல."

"ஆமா தம்பி. அதுக்குத்தான் கேக்குறேன்."

பரணிதரன் அம்சம் கொடுத்த காபியைக் குடித்து முடித்தார், அதுவரைக்கும் நல்ல பிள்ளை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். நினைத்தால் கொடுத்து நினைத்தால் எடுத்துக்கொள்ளக் கூடியதை எவ்வளவு வேண்டுமானாலும் தர அந்த வீடு தயார்தான். ஒரு கொக்கிக்குத்தான் யோசனை.

செழியன் பரணுக்கு ஏறித் தெர்மோகோலை எடுத்துவந்து ரிசீவரை அதன் அட்டைப்பெட்டிக்குள் இறக்கினார். ஒரு படி கம்மி, ஒரு படி கூட என்ற பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

"வைஃபை சரியா வேலை செய்யலையா?" என்றார் தஹ்மீனா.

"ரொம்ப நல்லா வேலை செஞ்சுச்சு. ஊருக்கே தெரியுற மாதிரி" என்றார் அம்சம். வைஃபை இல்லாத பெட்டியோடு திரும்பினார்கள். அது போன் சொன்னால் பாடுகிறது, அணைத்தால் அணைந்தே கிடக்கிறது.

கொக்கிக்குப் பதில் இதுவரை இல்லை. அம்சம் காத்திருக்கவும் இல்லை. வாய்க்கால் கரை புறம்போக்கு. அதில் இரண்டு கம்பம் நட்டால் யார் வீட்டுச் சுவரும் தேவையில்லை. அதற்கு அனுமதி கேட்டு வாரம் தவறாமல் பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அங்கே இருக்கும் செயலாளர், வந்ததே வந்தீர்கள் என்று பிரஷர் பார்க்கச் சொல்கிறார். அம்சம் அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"ஏறித்தான் இருக்கு சார். கம்பத்த நட்டுட்டா எறங்கிரும்."