சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு விமர்சகர்

முகத்தைப் பார்த்தே பட விமர்சனம் எழுதலாம் என்ற யோசனை திண்டிவனத்து தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில்தான் எனக்கு உதித்தது. அங்கே டோக்கன் கொடுப்பவர் காதில் பென்சில் செருகியிருப்பார். இடைவேளைக்குப் பிறகுதான் படம் பார்க்க உள்ளே போவார். கூட்டம் கலைவதற்குள் ஓடி வந்துவிடுவார். எந்தப் படத்துக்கும் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

“மூணு வாரமா மூணு படம். மூணுலயும் வில்லன் பாவம் தம்பி! ஆளாளுக்குப் போட்டு அடிக்கிறானுங்க. அவன் இன்னா தப்பு பண்ணான்னே தெரியல.”

கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான்தான் விமர்சகன். “இன்னிக்குப் படம் காவியம்ணே” என்றேன்.

“அப்புறம் ஏன், படம் ஓடிக்கினு இருக்கசொல்லவே மொத ஆளா வந்து சைக்கிள் கேக்குற? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!”

‘காவியம்’ என்று முந்தின நாளே எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். வரும் வெள்ளிக்கிழமை புதுப்படம். அவர் பக்கத்தில் நின்று, வெளியே வருகிற முகங்களைப் பார்த்து எழுதப் போகிறேன்.