கடைமடைக்காரரின் குளுக்கோஸ்

மருந்தை அளந்து ஏற்றும் பம்ப் எங்கள் வார்டில் மூன்று இருந்தது. இரண்டு ரிப்பேருக்குப் போனதோடு சரி. மிச்சமிருந்த ஒன்றை யாருக்கு வைப்பது என்று கேட்டால், "நீங்களே பார்த்துக்குங்க சிஸ்டர்" என்று டாக்டர் ஓபிக்குப் போய்விட்டார். டபுள் டூட்டி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கட்டிலில் பாபநாசத்துப் பெண். பிரஷர் அடியோடு இறங்கியிருந்தது. அதை ஏற்றும் மருந்து துளி கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. பம்பை அவளுக்கு வைத்தேன். பக்கத்துக் கட்டிலில், வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்துபோன முத்துப்பேட்டைப் பக்கத்து அம்மா. பொட்டாசியம் வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். கடிகாரம் பார்த்துச் சொட்டை எண்ணி வைத்தேன். எந்த மணிக்கு எதுவரை இறங்கலாம் என்று பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டிக் கோடும் போட்டேன்.

பம்ப் கத்தியது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பாட்டிலில் மருந்து கோட்டுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. டியூபின் திருகு முழுக்கத் திறந்திருந்தது. மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. அவர் வந்து ஊசி போட்ட பிறகுதான் மெல்ல நேரானது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினேன்.

"யாரு திறந்தது இதை?"

"நாந்தாங்க," என்றார் அந்த அம்மாவின் மகன். ஐம்பது வயதிருக்கும். "குளுக்கோஸ் சொட்டுச் சொட்டா வந்துச்சு. நாங்க கடைமடைங்க சிஸ்டர். வாய்க்கால்ல தண்ணி வர்றப்பவே திறந்து விட்டுக்கணும். அப்புறம் வராது."

திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. இது குளுக்கோஸ் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

"அந்த மிஷின் எங்களுக்குக் கெடைக்காதுங்களா?"

"ஒண்ணுதாங்க இருக்கு. அவங்களுக்கு ரொம்ப முடியல."

"முறை வச்சுத்தான் வரும்போல," என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் திருகின் பக்கம் யாரையும் விடவில்லை.

மறுநாள் ரத்தம் பார்த்துவிட்டு, பொட்டாசியம் இன்னும் ஏற்ற வேண்டும் என்றார்கள். மதியம் எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தோம். திரும்ப உள்ளே விட்டபோது, பம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அந்த அம்மாவுக்கு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க முறை வந்துருச்சுங்களா?" முகமெல்லாம் சிரிப்பு.

நான் குனிந்தபடியே டியூபைச் சரிசெய்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள்.


"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்களே சிஸ்டர்," என்றார்.