விழாத பல்

முன்பல் விழுந்த ஓட்டையைக் காட்ட அக்கா மகள் வாயை அகலத் திறந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஓட்டையை நான் பார்க்கவில்லை. பின்னால் புதிதாக முளைத்திருந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்தேன். மேலே ஆழமான பள்ளங்கள். சொத்தை இன்னும் தொடவில்லை. இப்போதே அடைத்துவிடலாம். பல் மருத்துவம் முடித்துப் பயிற்சியில் இருந்தேன். பள்ளங்களில் விட்டு, நீல ஒளி காட்டி இறுக வைக்கும் பூச்சை அந்த மாதம்தான் கற்றிருந்தேன்.

“சொத்தையே இல்லாத பல்லுல எதுக்குடி கை வைக்கணும்? அதுவும் விழப்போற பல்லு” என்றாள் அக்கா.

அது விழாது. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைப்பதால், எங்கள் பக்கத்தில் அதையும் பால்பல்லோடு சேர்த்துவிடுவார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் கவனிக்காமல் விட்டார்கள். அதே இடத்தில் அவளுக்குப் பல் இல்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். அதைச் சொன்னேன். “உங்க மாமாவைக் கேளு” என்றாள்.

அக்காவின் கணவர் வயலில் இருந்தார்; பல் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வரப்பில் நண்டு வளைகளைச் சேறு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

“தண்ணியே வரலை, இப்பவே எதுக்கு மாமா அடைக்கிறீங்க?”

“வந்தப்புறம் அடைக்கப் போனா வரப்பே இருக்காது” என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஓகோ, பல்லுக்கு வர்றீங்களா? சரி, கூட்டிட்டுப் போங்க டாக்டரம்மா.”

மறுவாரம், பூச்சு ஒட்டுவதற்காகப் பல்லில் அமிலம் தடவி, கழுவி, உலர்த்தினேன். பூச்சு வைப்பதற்குள் குழந்தை நாக்கால் தொட்டுவிட்டாள். எச்சில் பட்டால் பூச்சு ஒட்டாது; மறுபடி அமிலம் தடவியிருக்க வேண்டும். காற்றடித்துவிட்டு அப்படியே பூசினேன். அவசரம்.

மூன்றாம் வாரம் அக்கா போன் செய்தாள்.

“நீ வச்சது கடலை மிட்டாயோட வந்துடுச்சு. நல்ல பல்லைக் கெடுத்துட்டியோன்னு பயமா இருக்குடி.”

பல் கெடவில்லை என்றேன். நாக்கு பட்டதையும் நான் மறுபடி அமிலம் தடவாமல் விட்டதையும் சொன்னேன். பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: “ஓடுற தண்ணியில சேத்தை அப்புனா நிக்குமா டாக்டரம்மா?”

அக்கா, “இன்னும் ஒரே தடவை. அவ்வளவுதான்” என்றாள்.

சனிக்கிழமை வருகிறார்கள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கத் தோழியிடம் சொல்லியிருக்கிறேன். பல்லுக்கு இருபுறமும் பஞ்சு. நாக்கு பட்டால் மறுபடி அமிலத்திலிருந்து தொடங்குவேன். கடைசியில் ஊசிமுனையால் பூச்சின் ஓரத்தை நெம்பி, பெயர்கிறதா என்று பார்க்க வேண்டும், அக்காவைப் பக்கத்தில் நிற்க வைத்து.