கண்டிகை தாண்டி இரண்டு தட்டு

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் கழிப்புச் சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழத்தைக் கண்டு எங்கள் பொழிச்சலூரே ஒதுங்கிப் போகும்போது அதன்மேல் டயரை ஏற்றிப் போகிறவன் நான். என் மனைவி செல்வி போன பிறகு, கனவில் வந்தாளா என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், செத்தவர்கள் எங்கும் வருவதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன். அதனால் இதை எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

செல்வி பம்மல்காரி. பதினாறு வருடம் என் பின்சீட்டில் உட்கார்ந்து வால்பாறை, கொல்லிமலை, ஹம்பி என்று வந்தவள். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது என்பதால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: வலது தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ, இரண்டு தட்டினால் உடனே நிறுத்து. புற்றுநோய் ஏழு மாதத்தில் அவளைக் கொண்டுபோனது. வண்டி இருந்தது, சாலை இருந்தது, தோள்தான் சும்மா கிடந்தது.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தக் குழு கிடைத்தது. பன்னிரண்டு பேர். மலேசியாவில் ஈப்போ, கொழும்பு, துபாய், நாகர்கோவில் என்று ஆளுக்கொரு மூலை. எல்லோரும் வண்டியில் ஊர் சுற்றுகிறவர்கள், எல்லோரும் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். ஆறுதல் வார்த்தை கிடையாது. ஒருவருடைய ஆள் இறந்த நாள் வந்தால் மற்ற பதினொரு பேரும் அவரவர் ஊரில் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீட்டரைப் படமெடுத்துப் போடுவோம். ஓட்டி முடிக்கும்வரை போனைத் தொடக்கூடாது, சத்தத்தை அணைத்து, பெட்ரோல் டேங்க்மேல் மாட்டும் டேங்க் பையில் போட்டுவிட வேண்டும். விதியைப் போட்டவன் ஈப்போ முகிலன். ஒன்பது வயது மகள் யாழினியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவன்.

யாழினியின் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தைக் கடந்து வண்டலூரில் இடது திரும்பி, கேளம்பாக்கம் சாலையில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், பார்த்தேயிராத ஒரு குழந்தையின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே, கண்டிகை தாண்டியிருக்கும், ஒரு தண்ணி லாரியை அப்போதுதான் முந்தினேன், வலது தோளில் இரண்டு தட்டு.

காற்று என்பீர்கள். காற்றென்றால் ஜாக்கெட் முழுக்கப் படபடக்கும். இது விரல்கள். மோதிர விரல் மட்டும் கொஞ்சம் கனமாக. யோசிப்பதற்குள் என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. ஓரங்கட்டி எதிரே பார்த்தேன். பள்ளம் இல்லை, குறுக்கே மாடு இல்லை, கவிழ்ந்த லாரி இல்லை. பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய மழைக்கோட்டு, அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்தபோது டேங்க் பையின் கண்ணாடித் தாளுக்கு அடியில் போன் ஒளிர்ந்து அணைந்து ஒளிர்ந்தது. முகிலன்.

"அண்ணே," என்றான். "ஆத்துப் பாலத்துல நிக்கிறேன்ணே. வண்டிய ஓரமா போட்டுட்டேன். பத்துப் பேருக்கு அடிச்சேன், ஒருத்தர்கூட எடுக்கல. நீங்கதான் கடைசி."

அவன் மகளுக்காகப் பதினொரு பேரும் சாலையில். அதனாலேயே அவனுக்கென்று ஒருவரும் இல்லை. இப்படி ஒரு தப்பை எங்களைப் போன்ற ஆட்களால்தான் செய்ய முடியும்.

"டேய், எல்லாரும் யாழினிக்காகத்தான்டா ஓட்டிட்டு இருக்கோம். எவன் எடுப்பான்?"

"போன எடுக்கக்கூடாதுன்னு எந்த மடையன்ணே ரூல் போட்டான்?"

"நீதான்டா."

பாலத்துக் காற்றுக்கு நடுவே ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா விசும்பலா என்று இன்றுவரை தெரியாது. நாற்பது நிமிடம் பேசினோம். அவன் பாலத்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய், கதவைத் திறந்த அவன் மனைவியிடம் போனைக் கொடுத்த பிறகுதான் வைத்தேன். மிச்சத் தூரத்தை ஓட்டி முடித்து மீட்டரைப் படமெடுத்துப் போட்டேன். அன்றிரவே அந்த விதியை எடுத்துவிட்டோம்.

தை மாதம் முகிலன் இங்கே வந்தான், மனைவியோடு. என் சமையலறையில் நின்றபடியே நான் சுட்ட கோணல் தோசைகளைத் தின்றான். அவன் உயிரோடு நின்று சட்னி கேட்டதைப் பார்த்தபோது யாருக்கென்று தெரியாமலே கை கூப்பத் தோன்றியது. அப்போதுதான் சாதாரணமாகக் கேட்டான்.

"அன்னைக்கு உங்க பக்கத்துல பேசிக்கிட்டே இருந்தாங்களே ஒரு அம்மா, யாருண்ணே?"

"யாரும் இல்லையேப்பா. தனியாதான் நின்னேன்."

"இல்லலா. நல்லா கேட்டுச்சு. 'மொதல்ல இன்னாத்தையாவது துன்னுய்யா, அப்பால அழுவலாம்'னு. திரும்பத் திரும்ப."

தோசைக்கல் புகைந்தது. சாவு வீட்டில், ஆஸ்பத்திரி வாசலில், யார் அழுதாலும் செல்வி சொல்வது அதுதான். முகிலன் அவள் குரலைக் கேட்டதே இல்லை. அவள் நோயைப் பற்றிக் குழுவில் எழுதியிருக்கிறேன், பேச்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

"உனக்குத்தான் சொல்லியிருக்கா," என்றேன், அடுப்பை அணைத்துவிட்டு.

"எனக்கில்லண்ணே," என்றான். "நான் அப்ப அழவே இல்ல. உங்களத் திட்டுறாங்கன்னுதான் நெனச்சேன்."

அன்று சாலையோரத்தில், போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, அவனுக்குக் கேட்கக்கூடாதென்று சத்தமில்லாமல்தான் அழுதேன். அன்று காலை வெறும் வயிற்றோடு கிளம்பியதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.